களப்புப் படை: மட்டக்களப்பு வெக்கையிலும் மாரியிலும் மினியேச்சர் மாற்றி வண்ணம் பூசுதல்

விஞ்ஞானப் புனைவுப் போர் விளையாட்டுக்குச் சொந்தமாக ஒரு படை கட்ட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் தளபதியிலிருந்துதான் தொடங்குவார்கள். நாலு கிட்டிலிருந்து (பாகங்களாக வந்து ஒட்டிச் செய்யும் மொடல் பெட்டி) பாகம் எடுத்து, இயந்திரக் கை வைத்து, தோளில் பீரங்கி ஏற்றி, அவரை அசத்தலாக முடித்துவிடுவார்கள். பின்னால் நிற்கிற முப்பது சிப்பாய்களும் பெட்டியிலிருந்து வந்தபடியே நிற்பார்கள். மேசையிலிருந்து மூன்று அடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு அது ஒரு படையாகத் தெரியாது. எல்லா உருவத்திலும் திரும்பத் திரும்ப வருகிற இரண்டு மூன்று அடையாளங்கள்தான் படையைப் படையாகக் காட்டும். அதனால் கடைசிச் சிப்பாயிலிருந்து தொடங்குங்கள். தளபதியைக் கடைசியில் செய்தால், அதற்குள் கையும் பழகியிருக்கும், படையின் முகமும் தெளிவாகியிருக்கும்.

இந்தக் குறிப்பு 28 மில்லிமீற்றர் அளவு உருவங்களுக்கானது. 1987இல் வெளிவந்த வார்ஹாமர் 40,000 தொடக்கம் இன்று வரும் பெரும்பாலான விஞ்ஞானப் புனைவு விளையாட்டுகள் இந்த அளவையோ சற்றுப் பெரிய 32ஐயோதான் பயன்படுத்துகின்றன. கணக்குப்படி 28 மில்லிமீற்றர் ஏறத்தாழ 1/56. ஆனால் இந்த உருவங்களின் தலையும் கையும் துவக்கும் வேண்டுமென்றே பெருப்பித்துச் செய்யப்பட்டவை. ஆகவே வாகனத்துக்கு 1/48 கிட் பொருந்தும்; 1/72 வாகனம் பக்கத்தில் விளையாட்டுச் சாமானாகத் தெரியும். நடக்கும் இயந்திரம் வேண்டுமென்றால் 1/144 அளவுக் குண்டம் (ஜப்பானிய ராட்சத ரோபோ) கிட் நல்ல மூலப்பொருள். மனித அளவைக் காட்டிக்கொடுக்கிற கதவு, ஏணி, கைப்பிடி போன்றவற்றை மட்டும் 28 மில்லிமீற்றர் அளவுக்கு மாற்றிவிட்டால் கண் ஏமாந்துபோகும்.

எடுத்துக்காட்டாக ஒரு களப்புக் கிரகத்தின் காவற்படையை எடுத்துக்கொள்வோம். வாவியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைவிட இலகுவான கரு இல்லை. அடையாளம் மூன்று: இடுப்பில் சுற்றிய வலை, அகன்ற ஓலைத்தொப்பி, முழங்கால் வரை ஒரே உயரத்தில் நிற்கும் சேற்றுக்கோடு. மூன்றில் எதுவும் ஒரு உருவத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. எடுத்தால் பன்னிரண்டாவது சிப்பாயோடு வேலை நின்றுவிடும். கையில் உள்ள துவக்கு எதுவென்று எதிராளிக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. எவ்வளவு மாற்றினாலும் ஆயுதத்தின் வடிவத்தைக் குழப்பினால் விளையாடும்போது ஒவ்வொரு சுற்றிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒட்டுவதும் ஊசி வைப்பதும்

பொலிஸ்டைரின் பிளாஸ்டிக்குக்கு மட்டும் பிளாஸ்டிக் சிமெந்து. அது இரண்டு பக்கத்தையும் உருக்கி ஒன்றாக்கும். ரெசின், உலோகம், பெயர்ப்பலகை செய்கிற கடைகளில் கழிவாகக் கிடைக்கும் பிவிசி நுரைப்பலகை ஆகியவற்றுக்கு அது பிடிக்காது, சுப்பர் குளூதான். எங்கள் வெக்கையில் மெல்லிய சிமெந்து வேகமாக ஆவியாகும். மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

போத்தலில் மூன்றில் ஒரு பங்கு சிமெந்து மிஞ்சியதும், கிட் பாகங்கள் பொருந்தி வருகிற பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டுகளை நெல் மணியளவுக்கு நறுக்கி அதற்குள் போட்டு ஒரு இரவு வையுங்கள். காலையில் கெட்டியான கூழாகியிருக்கும். இதைவிட நல்ல இடைவெளி நிரப்பி கிடையாது. காய்ந்தபின் அதுவும் அதே பிளாஸ்டிக் என்பதால் அரத்தாளுக்கு ஒரே மாதிரி இணங்கும். ஆனால் 24 மணித்தியாலம் விடாமல் தேய்த்தால் நடுவில் பள்ளம் விழும், ஏனென்றால் உள்ளே இருக்கிற கரைப்பான் வெளியேறும்போது அது சுருங்கும்.

சுப்பர் குளூ ஈரத்தால்தான் இறுகுகிறது. மாரிகாலத்தில் நொடியில் பிடிக்கும். அதே ஈரம் மூடிய போத்தலுக்குள்ளும் வேலை செய்து அதைக் கெட்டியாக்கிவிடும். சிலிக்கா ஜெல் பைகள் போட்ட காற்றுப்புகாத ஜாடியில் வைத்தால் நீண்ட நாள் உழைக்கும். ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் புகைபோலப் படிவது, குளூவின் ஆவி ஈரக் காற்றில் இறுகிப் படிவதுதான். ஒட்டிய உடனே பெட்டிக்குள் மூடிவைத்தால் அது இன்னும் கூடும். காற்றோட்டமான இடத்தில் விடுங்கள், குளூவைக் குறையுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் குளூவை விட்டு அதன்மேல் ஒரு சிட்டிகை அப்பச்சோடா தூவுங்கள். உடனே கல்லாகும், பின்பு அரத்தால் சீர்செய்யலாம்.

தலை, கை, கனமான ஆயுதம் எதையும் ஊசி வைக்காமல் (இரண்டு பாகத்திலும் துளைத்து, நடுவில் சிறு கம்பி செருகாமல்) ஒட்டாதீர்கள். ஊசிக்குத் தனியாகக் கம்பி வாங்கத் தேவையில்லை. வீட்டு வயரிங்குக்கு விற்கும் 7/0.67 வயரின் தோலை உரித்தால் 0.67 மில்லிமீற்றர் செப்புக்கம்பி ஏழு கிடைக்கும். கைத்துளைப்பானில் 0.7 அல்லது 0.8 பிற் போட்டுத் துளைத்தால் பொருந்தும். 1/1.13 வயரின் ஒற்றைக் கம்பி ஈட்டிக்கும் சவள் தண்டுக்கும் ஏற்ற தடிப்பு. செம்பு மெத்தென்று வளையும் என்பது உண்மை. ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறு முனையைக் குறட்டால் பிடித்து மெல்ல இழுங்கள். கம்பி சற்று நீளும்போது நேராகவும் விறைப்பாகவும் ஆகிவிடும். கட்டடக்காரர் பயன்படுத்தும் கட்டுக்கம்பியும் உதவும்தான். ஆனால் இரும்பு, அக்ரிலிக் பெயின்றில் இருக்கிற தண்ணீரும் கடற்காற்றும் சேர்ந்து பெயின்றுக்கு அடியிலேயே கறள் பிடிக்கவைக்கும். அதைப் பாவித்தால் முழுவதும் மெல்லிய சுப்பர் குளூ பூசிக் காயவைத்துவிட்டே பிறைமர் (நிறத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) அடியுங்கள்.

ஆயுதத்தை மாற்றக்கூடியதாக வைக்க விரும்பினால் 3 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள நியோடிமியம் காந்தம் போதும். உடலில் பதித்த முதல் காந்தத்தின் வெளிமுகத்தில் மார்க்கரால் புள்ளி வைத்து, மிச்சம் எல்லாவற்றையும் அதனோடு ஒட்டிப்பார்த்துத் திசை குறித்துக்கொள்ளுங்கள். படை முழுவதுக்கும் ஒரே திசை இருந்தால் எந்தக் கையும் எந்த உடலிலும் பொருந்தும்.

வலையும் தொப்பியும்

வலைக்கு பாமசியில் விற்கும் கோஸ் துணி. இழைகளுக்கிடையே ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி உள்ள ரகமாகப் பாருங்கள். நெருக்கமானது சாக்குத் துணியாகத் தெரியும். நேரே கத்தரியால் வெட்டினால் இழை பிரிந்து கையோடு வந்துவிடும். உள்ளங்கை அகலத் துண்டொன்றை, வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கரைசலில் தோய்த்துப் பொலித்தீன் மேல் விரித்து முக்கால் காயவிடுங்கள். அதன்பின் வெட்டினால் விளிம்பு நிற்கும். 20க்கு 15 மில்லிமீற்றர் துண்டாக, இழைக்குச் சாய்வாக 45 பாகையில் வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டியது மட்டுமே இடுப்பில் விழும்போது வீச்சுவலைபோல் தளர்ந்து மடியும். நேராக வெட்டியது பலகையாய் நிற்கும். பின் அதே கரைசலை இன்னொரு முறை தடவி, இடுப்புப்பட்டிக்குள் ஊசியால் செருகி, இரண்டு மடிப்பு விட்டு, தொங்கும் முனையை மட்டும் தொடையோடு ஒட்டுங்கள். வலையின் ஓரத்தில் ஈயக்கம்பியை அரை மில்லிமீற்றர் துண்டுகளாக நறுக்கி மூன்று நாலு ஒட்டினால் வலை மணி கிடைக்கும். அந்தச் சிறு வேலைதான் அது வலை என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லும், விடாதீர்கள்.

பிறைமரைத் தூரிகையால் பூசும்போது வலைக்கண் அடைபடும். பூசிய கையோடு காய்ந்த தூரிகையால் ஒற்றி எடுங்கள், அல்லது ஸ்ட்ரோவால் ஊதுங்கள். காய்ந்தபிறகு திறக்க முடியாது.

தொப்பி கிறீன் ஸ்டஃப் வேலை. அது இரண்டு நிறத்தைப் பிசைந்தால் இறுகுகிற எபொக்சி மாக்களி. நீலமும் மஞ்சளும் சரிபாதி. பட்டையாக வாங்கினால் இரண்டு நிறமும் தொடுகிற நடுக்கோட்டில் ஏற்கெனவே இறுகிய துணிக்கைகள் இருக்கும். 2 மில்லிமீற்றர் அகலத்துக்கு அதை வெட்டி எறியாவிட்டால் தொப்பி விளிம்பில் பரு பருவாக நிற்கும். மஞ்சள் கூடினால் மெத்தென்று ஒட்டும், மெல்ல இறுகும். நீலம் கூடினால் கடினமாகி விளிம்பு கூர்மையாக வரும். குளிர்நாட்டு வழிகாட்டிகள் ஒன்றரை மணித்தியாலம் வேலை செய்யலாம் என்று சொல்லும். 32, 33 பாகையில் அதில் பாதிதான் கிடைக்கும். ஆகையால் ஐந்து தொப்பிக்கு வேண்டியதை மட்டும் ஒரு தடவையில் பிசையுங்கள். பிசையாத பட்டை ஃப்ரிஜ்ஜில் இருக்கட்டும்.

வசலின் தடவிய கண்ணாடியில் மிளகளவு உருண்டையை வைத்து, வசலின் தடவிய இன்னொரு கண்ணாடித் துண்டால் 0.7 மில்லிமீற்றர் தடிப்புக்கு அழுத்தினால் 8, 9 மில்லிமீற்றர் வட்டம் வரும். உடனே தலையில் வைத்தால் துணிபோலத் தொய்ந்து கன்னத்தைத் தொடும். இருபது நிமிடம் விடுங்கள். பாதி இறுகியபின் வைத்தால் விளிம்பு தானாக இலேசாகத் தாழ்ந்து நிற்கும். ஓலைத்தொப்பிக்கு வேண்டியது அந்தத் தாழ்வுதான். பிறகு நடுவிலிருந்து விளிம்புக்கு ஊசியால் கோடு, அதன்மேல் வட்டமாக மூன்று கோடு. உண்மையான பின்னலை அப்படியே போடப் பார்க்காதீர்கள். இந்த அளவில் அது வெறும் சொரசொரப்பாகத்தான் தெரியும். ஒரு தொப்பியில் ஒரு கீற்றை வெட்டி எடுத்து, இன்னொன்றின் விளிம்பைக் கிழித்துவிடுங்கள். பத்தில் இரண்டு மூன்று அப்படி இருந்தால் போதும்.

வசலினைச் சவர்க்கார நீரில் கழுவாமல் பிறைமர் அடித்தால் தொப்பியில் மட்டும் பெயின்ற் உரியும். ரெசின் பாகத்துக்கும் இதே கழுவல் கட்டாயம், அச்சிலிருந்து கழற்றுவதற்குப் பூசிய எண்ணெய் அதில் இருக்கும். ரெசினை அரத்தாள் போடும்போது தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மாஸ்க் அணியுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கூடாது.

பிறைமர்: இங்கே வேலை கெடுவது இந்த இடத்தில்தான்

ஸ்பிறே டின்னிலிருந்து வெளிவரும் வாயு ஆவியாகும்போது படும் இடத்தைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த முகத்தில் நீர் படிந்து பெயின்ற் வெளிறிப் பனிபிடித்ததுபோல் ஆகும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று மழையைக் கொண்டுவரும் காலத்தில் வாவிக்கரை வீடுகளில் ஸ்பிறே வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஈரமானி ஒன்று மேசையில் இருக்கட்டும். 75 சதவீதத்துக்கு மேல் என்றால் டின்னைத் தூக்காதீர்கள்.

கச்சான் காற்றுக் காலம் இதற்கு நேர்மாறு. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகிக் கிழக்கே இறங்குகிறது. அந்தப் பிற்பகல் காற்றில் அடித்தால் துளிகள் உருவத்தைத் தொடுமுன்பே பாதி காய்ந்துவிடும், மேற்பரப்பு மணல்தாளாகும். அம்பாறை உட்பக்கம் இது இன்னும் கடுமை. காலைப் பனி ஈரம் விலகியதற்கும் காற்று எழும்புவதற்கும் இடையில், எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை கிடைக்கும் நேரம்தான் சரி. டின்னை இரண்டு நிமிடம் குலுக்கி, 20 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடியுங்கள்; காற்று சூடாக இருந்தால் 15க்குக் கிட்டக்கொண்டுவரலாம். உருவத்துக்கு வெளியே தொடங்கி மறுபுறம் வெளியே நிறுத்துங்கள்.

ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் வாகனப் பிறைமரும் உதவும். ஆனால் அதில் உள்ள கரைப்பான் கடுமையானது, தடிப்பாக அடித்தால் பிளாஸ்டிக்கின் நுணுக்க வேலைப்பாடு உருகும். முதலில் கிட் சட்டத்துண்டில் அடித்துக் காயவிட்டு, நகத்தால் கீறிப்பார்த்துவிட்டுப் பிறகு படைக்கு வாருங்கள். எரியக்கூடிய டின்களை விமானத் தபாலில் அனுப்பமாட்டார்கள் என்பதால், வெளிநாட்டு ஸ்பிறேயை நம்பித் திட்டம் போடவே வேண்டாம்.

மாரியில் தூரிகைப் பிறைமர்: பொலியுரிதேன் கலந்த அக்ரிலிக் பிறைமர் இரண்டு மெல்லிய பூச்சு, இடையில் ஒரு மணித்தியாலம், கடைசியில் 24 மணித்தியாலம். தொட்டுப் பார்த்தால் அரை மணியிலேயே காய்ந்ததாகத் தெரியும். நம்பிவிடாதீர்கள். முழுதாக இறுகாததை மாஸ்கிங் டேப் தோலாக உரித்துவிடும். எயார்பிரஷ் உள்ளவர்கள் கம்பிரஷர் தாங்கியில் தேங்கும் தண்ணீரை ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் வடியுங்கள். இங்கே ஈரப்பொறி மிகச் சீக்கிரம் நிரம்பும், நிரம்பியது பெயின்றோடு சேர்ந்து தண்ணீரைத் துப்பும்.

பூச்சு கெட்டுப்போனால் உருவத்தை எறிய வேண்டியதில்லை. கபில நிற டெட்டோல் திரவத்தில் தண்ணீர் கலக்காமல் ஒரு நாள் ஊறவைத்து, கையுறை போட்டு, பழைய பல்தூரிகையால் டெட்டோலுக்குள் வைத்தே தேயுங்கள். பெயின்ற் முழுதாகக் கழரும் முன் தண்ணீர் பட்டால் அது பிசினாகி மூலைகளில் அப்பிக்கொள்ளும். எல்லாம் கழன்ற பிறகுதான் சவர்க்காரமும் தண்ணீரும். பெயின்ற் தின்னரைக் கிட்டவும் கொண்டுவரக்கூடாது, பிளாஸ்டிக்கே கரையும்.

நிறம்

கறுப்புப் பிறைமர், அதன்மேல் 45 பாகைச் சாய்வில் சாம்பல், உச்சியிலிருந்து நேரே கொஞ்சம் வெள்ளை. இப்படி அடித்துவிட்டால் வெளிச்சம் எங்கே விழும் என்று உருவமே காட்டும். கவசத்துக்கு வலெஹோ நிறுவனத்தின் மொடல் கலர் பெயின்றில் 70.868 என்கிற கருங்கடல் பச்சை (இனி வரும் 70 எண்களும் அதே வரிசை). வாவியின் மாலை நிறத்துக்கு அதுதான் கிட்ட வரும். மெல்லிய இரண்டு பூச்சு. பின் அதே பச்சையில் 70.819 மணல் நிறத்தை மூன்றுக்கு ஒன்றாகக் கலந்து மேல் தட்டுகளில். சரிபாதியாகக் கலந்து விளிம்புகளில் மட்டும். வெள்ளை சேர்த்து வெளிச்சம் காட்டினால் பச்சை சுண்ணாம்பாக வெளிறும். மணல் நிறம் சேர்த்தால் வெயில் பட்ட பச்சையாக இருக்கும்.

மின்விசிறிக்குக் கீழே பெயின்ற் தட்டில் ஐந்து நிமிடம் தாங்காது. மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி, அதற்குள் நனைத்த ஸ்பொஞ்ச் துணி, அதன்மேல் கேக் சுடும் தாள். இந்த ஈரத்தட்டு இல்லாமல் எங்கள் பக்கம் நிறக்கலவை செய்யவே முடியாது. கொதித்தாறிய தண்ணீரை ஊற்றி, மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்பொஞ்சைக் கழுவாவிட்டால் பூஞ்சணம் பிடித்து மணக்கும். அக்றாக்ஸ் ஏர்த்ஷேட் போன்ற நிழல்நீர் (பள்ளங்களில் தங்கி நிழல் காட்டும் மெல்லிய பெயின்ற்) பூசும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். விளிம்பு முதலில் காய்ந்து, கறை வளையம் நிற்பதற்குக் காரணம் அந்தக் காற்றுத்தான். மாரியில் அதே நிழல்நீர் ஒரு மணித்தியாலம் ஈரமாகக் கிடந்து பள்ளத்தில் குளமாகும். ஈரத் தூரிகை நுனியால் உறிஞ்சி எடுங்கள்.

தோல் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிடைக்கிற வழிகாட்டிகள் பெரும்பாலானவை இளஞ்சிவப்புத் தோலுக்கே எழுதப்பட்டவை. கருந்தோல் என்றால் அதே முறையில் அடிநிறத்தை மட்டும் கபிலமாக்கிவிட்டு, மேலே வெள்ளை கலந்து தூக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் முகம் சாம்பல் பூத்து, நோயாளியாகத் தெரியும். எங்கள் மக்களின் தோல் மஞ்சளும் செம்மையும் கலந்தே வெளுக்கிறது. 70.872 சொக்லேட் கபிலம் இரண்டு பங்கு, 70.982 செங்கபிலம் ஒரு பங்கு. இது அடிநிறம். அடுத்த படிக்கு அதில் 70.876 மணற்கபிலம் ஒரு பங்கு சேர்த்து, நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத்தண்டு, கீழுதடு, முழங்கை மொளி. கடைசிப் படிக்கு இன்னும் ஒரு பங்கு மணற்கபிலமும் ஒரு துளி 70.819உம், மூக்கு நுனியிலும் கன்ன உச்சியிலும் புள்ளியளவு மட்டும். கருந்தோலில் வெளிச்சம் பரந்து விழாது, சின்னதாகவும் கூர்மையாகவும் மின்னும். அந்தப் புள்ளியைப் பெரிதாக்கினால் எல்லாம் கெட்டுவிடும். உள்ளங்கையை அடுத்த படி நிறத்திலேயே விடுங்கள். உதட்டுக்கும் கண்ணிமைக்கும் செங்கபிலத்தைத் தண்ணீராகக் கரைத்து ஒரு பூச்சு. வேலை முடிந்தபின் படை முழுவதுக்கும் பளபளப்பில்லாத மற் வார்னிஷ் என்றாலும் முகத்துக்கும் கைக்கும் மட்டும் தூரிகையால் சற்று மினுங்கும் சற்றின் வார்னிஷ். வெயிலில் வியர்த்த தோல் அப்படியே வந்துவிடும். படையில் எல்லோருக்கும் ஒரே கபிலம் வேண்டாம். சொக்லேட் பங்கை ஒன்றாகக் குறைத்தும் மூன்றாகக் கூட்டியும் மூன்று கலவை வைத்துக்கொண்டால் ஒரு ஊர்ச் சனம் நிற்பதுபோல் இருக்கும்.

அணி எண்ணுக்குத் தமிழ் எண்கள் போடலாம். ௧, ௨, ௩ மூன்றும் தோள்தட்டில் தூரத்திலேயே வேறுபட்டுத் தெரியும். கையால் எழுதுவதற்கு நல்ல கூர்முனை உள்ள 0 தூரிகையும் தண்ணீர்ப் பதத்துக்குக் கரைத்த பெயின்றும் வேண்டும். கை நடுங்கினால் டெக்கல் தாளில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) அச்சிடுங்கள். இங்க்ஜெட் பிறின்டர் என்றால் அச்சிட்டபின் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. இல்லாவிட்டால் தண்ணீரில் போட்டவுடன் மை கரையும். வீட்டில் உள்ள சாதாரண பிறின்டர் வெள்ளை அச்சிடாது. ஆகவே எண் கறுப்பு, தோள்தட்டு வெளிர்நிறம் என்று முதலிலேயே தீர்மானியுங்கள். ஒட்டும் இடத்தில் முன்கூட்டியே பளபளப்பு வார்னிஷ் இல்லாவிட்டால் டெக்கலுக்கு அடியில் காற்றுச் சிக்கி வெள்ளிப்படலமாகத் தெரியும்.

கறள் பற்றிச் சொல்ல வெளியூர்ப் படம் எதுவும் தேவையில்லை. நாவலடி, கல்லடிப் பக்கம் கடலுக்குக் கிட்ட உள்ள எந்த இரும்புக் கேற்றையும் உட்கார்ந்து பாருங்கள். நடுத்தட்டில் கறள் தொடங்காது. வெல்டிங் கோட்டிலும் போல்ற் தலையைச் சுற்றியும் கீழ் விளிம்பிலும் தொடங்கும். பெயின்ற் அங்கே கொப்பளித்து உரியும். உரிந்த இடத்தின் நடு கருங்கபிலம், ஓரம் செம்மஞ்சள். அதிலிருந்து கீழ்நோக்கி மட்டும் வடிந்த கோடு. இந்த வரிசையைப் பின்பற்றினால் போதும். வாகனத்துக்குச் செய்முறை: கருங்கபிலம் பூசி வார்னிஷால் பூட்டுங்கள். ஹெயார் ஸ்பிறே இரண்டு பூச்சு. காய்ந்ததும் மேலே பச்சை அக்ரிலிக். அரை மணித்தியாலத்துக்குள் இளஞ்சூட்டு நீரால் நனைத்து, கட்டைத் தூரிகையால் விளிம்புகளில் சுரண்டுங்கள். எங்கள் வெக்கையில் அடுத்த நாளுக்கு விட்டால் பச்சை இறுகிவிடும், பிறகு சுரண்டினால் கபிலமும் சேர்ந்து வரும். உரிந்த ஓரத்தில் செம்மஞ்சள் புள்ளி, கீழ்நோக்கிய நீர்க்கோடு. காலாட்படையின் கவசத்தில் இதையெல்லாம் செய்யாதீர்கள். ஆளுக்கு இரண்டு சுரண்டல் போதும். அதற்கு மேல் போனால் சிப்பாய்கள் குப்பைமேட்டிலிருந்து வந்தவர்களாகிவிடுவார்கள்.

தளம்

உருவத்தை ஒட்டி நிறுத்தும் வட்டத்தட்டுத்தான் தளம். தண்ணீரில் நிற்கும் சிப்பாய்க்குப் பாதம் தேவையில்லை. காலை 4 மில்லிமீற்றர் வெட்டி, தளத்தை 4 மில்லிமீற்றர் உயர்த்துங்கள். மொத்த உயரம் மாறாது. பார்வைக்கோட்டை உருவத்தின் உண்மையான உயரத்தால் பார்க்கிற விளையாட்டுகளில் எவரும் குறை சொல்ல முடியாது. உயர்த்துவதற்கு 3 மில்லிமீற்றர் பிவிசி நுரைப்பலகை, அதன்மேல் 1 மில்லிமீற்றர் ரெசின் தண்ணீர். தளத்தின் மேல்முகம் அடிமுகத்தைவிடச் சிறியது என்பதால் மேல்முகத்தை அளந்து வெட்டுங்கள். எம்டிஎஃப் பலகை வேண்டாம், ஈரத்தில் ஊதும். மட்டை அதைவிட மோசம்.

கடற்கரை மணலை அள்ளி நேரே ஒட்டாதீர்கள். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, பசையைத் தளர்த்தி, சில மாதத்தில் பெயின்றுக்கு மேலே வெள்ளைப் பொருக்காக வரும். நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவி, வெயிலில் காயவைத்து, தேத்தண்ணி வடியால் அரித்த மணல்தான் பாவிக்கலாம். புல்லுக்குத் தென்னந்தும்பு: கொதிநீரில் ஊறவைத்துச் சாயநீர் போகும்வரை கழுவுங்கள். இல்லாவிட்டால் வெளிர்நிறப் பெயின்றின்மேல் கபிலக்கறை ஊறும், மாரியில் பூஞ்சணமும் வரும். 12 மில்லிமீற்றர் கட்டாக வெட்டி, அடியைப் பசையில் தோய்த்து நிறுத்துங்கள்.

கண்டல் மரம் செய்வதற்கு மறுபடியும் அதே 7/0.67 வயர். 5 சென்ரிமீற்றர் துண்டின் தோலை உரித்து, நடுவைக் குறட்டால் முறுக்கி, கீழ் 15 மில்லிமீற்றரைப் பிரித்தால் ஏழு கம்பியும் ஏழு வேர். ஒவ்வொன்றையும் வெளிப்புறம் வில்லாக வளைத்துப் பலகையில் ஊன்றுங்கள். சுப்பர் குளூ தடவி அப்பச்சோடா தூவினால் பட்டை. படைத்தளம் பத்தில் இரண்டில் மட்டும் மரம். எல்லாத் தளத்திலும் வைத்தால் பெட்டிக்குள் ஒன்றோடொன்று கொளுவி உடையும்.

சேறு கருங்கபிலத்தோடு கறுப்பு. தண்ணீர் ஊற்றுமுன் காலில் சேற்றுக்கோட்டை முடியுங்கள். 8 மில்லிமீற்றர் உயர மட்டைத்துண்டைத் தளத்தில் நிறுத்தி, பென்சிலால் காலில் குறித்தால் முப்பது பேருக்கும் ஒரே கோடு விழும். கோட்டுக்குக் கீழே கருஞ்சேறு, கோட்டில் காய்ந்த வெளிர்ச்சேறு மெல்லிய இழையாக.

தளத்தைச் சுற்றித் தெளிந்த டேப் அணைகட்டி, இரண்டு பாக எபொக்சி. மேல்முகம் 28 மில்லிமீற்றர் விட்டம் என்றால் 1 மில்லிமீற்றர் ஆழத்துக்கு 0.6 மில்லிலீற்றர் பிடிக்கும். பத்துத் தளத்துக்குச் சேதாரத்தோடு 8 மில்லிலீற்றர் கலக்கலாம். விகிதம் எடையா கனஅளவா என்று லேபிளைப் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல, மாற்றி அளந்தால் பிசுபிசுப்பாகவே கிடக்கும். பாமசி சிரிஞ்ச் இரண்டு, பாகத்துக்கு ஒன்று. பச்சைநீல நிறம் ஒரு துளிக்கு மேல் வேண்டாம். மழைநாளில் ஊற்றினால் மேலே மெழுகுபோன்ற பிசுக்குப் படலம் வரும். அது காற்றின் ஈரத்தோடு எபொக்சி சேர்வதால் வருவது. முழுதாக இறுகியபின் இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரால் துடைத்தால் போய்விடும், அதற்கு மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. டேப் ஓரத்தில் ரெசின் ஏறி நிற்கும் விளிம்பை அடுத்த நாள் கத்தியால் சீவுங்கள்.

வார்னிஷும் வைப்பும்

மற் வார்னிஷ் போத்தலை நன்றாகக் குலுக்குங்கள். மங்கலாக்கும் தூள் அடியில் தங்கியிருக்கும், கலக்காமல் பூசினால் முதல் ஐந்தும் பளபளக்கும், கடைசி ஐந்தும் வெள்ளையாக வெளிறும். வெளிறியதற்கு மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அது காய்ந்ததும் மற் வார்னிஷைத் திரும்பவும் பூசலாம். தண்ணீர்ப் பகுதியில் மற் வார்னிஷ் படக்கூடாது.

கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ பஸ்ஸில் கொண்டுபோய் விளையாடுகிறவர்கள் ஸ்பொஞ்ச் பெட்டியை நம்பாதீர்கள். தொப்பி விளிம்பும் வலை மணியும் உரசி உதிரும். தளத்தின் அடியில் 5 மில்லிமீற்றர் காந்தம் ஒன்று ஒட்டி, பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் மெல்லிய தகரத்தகடு வைத்தால் குலுங்கினாலும் நிற்கும். தகரத்தின் வெட்டிய விளிம்புக்கு டேப் சுற்றுங்கள், கறள் அங்கிருந்துதான் தொடங்கும். பெட்டியை வெயிலில் நின்ற வானுக்குள் விட்டால் மெல்லிய ரெசின் ஈட்டி வளையும். அதைக் கொதித்து இறக்கிய நீரில் அரை நிமிடம் பிடித்து, நேராக்கி, உடனே குளிர்நீரில் வையுங்கள். பெட்டிக்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் இரண்டு பை போடுங்கள். மாரி தொடங்குமுன் ஒருமுறையும், மாரி நடுவில் ஒருமுறையும் மணிகளைப் பையிலிருந்து கொட்டி மெல்லிய சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம்.